பொட்டல் என்று நான் நிறம் கொடுத்த நிலம்

கொச்சியில், மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு பழைய அரிசிக் கிட்டங்கியின் மாடியில்தான் எங்கள் அலுவலகம். கீழே இப்போது சுக்கு வியாபாரம். மாடியில் நாங்கள் ஆறு பேர், செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து நில வரைபடம் தயாரிப்போம். எந்த இடத்தைக் காப்பாற்ற வேண்டும், எங்கே என்ன செய்யலாம் என்று திட்டம் போடுகிறவர்களுக்கு அது போகும். பல வருடங்களாகக் காயல், கண்டல் காடு, கும்பளங்கிப் பக்கத்து மீன் வளர்ப்புக் கட்டுகள் என்று தண்ணீர் நிற்கும் இடங்களையே வரைந்துகொண்டிருந்த எங்களுக்குத் தென் தமிழ்நாட்டில் ஒரு வறண்ட வட்டாரத்தின் வேலை வந்தது.

அலுவலகத்தை நடத்தும் சார் என்னைக் கூப்பிட்டார். அங்கே தமிழ் வீட்டுப் பிள்ளை நான் ஒருத்திதான். ஊர்க்காரர்களோடு பேச வேண்டும், அவர்கள் எழுதித் தருவதை வாசித்துச் சுருக்கம் எழுத வேண்டும் என்றார். தமிழ் வாசிக்கத் தெரியும்தானே என்று கேட்டார். தெரியும் என்றேன்.

தெரியாது. வீட்டில் பேசுவது தமிழ், படித்ததெல்லாம் மலையாளப் பள்ளியில். அச்செழுத்தை பஸ் போர்டு வாசிப்பதுபோல் ஒவ்வொன்றாகக் கூட்டி வாசிப்பேன். கையெழுத்து என்றால் அதுவும் நடக்காது. பள்ளியில் என்னைப் ‘பாண்டி’ என்று கூப்பிட்டுச் சிரித்த பிள்ளைகள் இருந்தார்கள். நகரசபையில் ஓடை வாரும் வேலை பார்த்த அப்பா மாலையில் தமிழ்ப் பேப்பரை விரித்தால் நான் வேறு பக்கம் திரும்பி உட்காருவேன். அப்படி ஒதுக்கிவைத்த மொழியின் பேரில் ஒரு நல்ல வேலை என்னைத் தேடி வந்தபோது இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

ஏப்ரல் மாதம் அந்த வட்டாரத்துக்குப் போனோம். ஒரு பள்ளிக்கூடத்து வராந்தாவில் ஊர்க்கூட்டம். கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்போது ஒரு பெண் என்னிடம் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். செம்மறி மேய்ப்பவர். நான்காக மடித்த நோட்டுத் தாள்களை என் கையில் கொடுத்தார். நான்கு பக்கம், நெருக்கமான கையெழுத்து. கொடுத்துவிட்டு ஏதோ விளக்கிச் சொல்ல ஆரம்பித்தார். வண்டி கிளம்பத் தயாராக நின்றது.

“எழுதினதே போதும் அக்கா, நான் வாசிச்சுக்கறேன்” என்றேன்.

அவர் நம்பித் தலையாட்டினார்.

மட்டாஞ்சேரிக்குத் திரும்பி வேலையைத் தொடங்கினேன். எங்கள் படிப்பில் நிலத்தைத் தனித்தனித் துண்டாகப் பார்ப்பதில்லை. காட்டுத் திட்டுகள், அவற்றுக்கு இடையே இருப்பது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு உயிர்கள் போய்வரும் வழி, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்போம். அந்த வட்டாரத்தில் இரண்டு சிறு குன்றுகளில் முட்காடு இருந்தது. நடுவே அகலமான வெட்டவெளி. என்னிடம் இருந்தது கோடைப் படம். வெளி முழுக்கக் காய்ந்த பழுப்பு. மழைக்குப் பிறகு எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். அது விதி, எனக்குத் தெரிந்த விதிதான். ஆனால் வரைபடத்தைக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. வெளிக்குப் பொட்டல் நிலத்தின் நிறத்தைக் கொடுத்தேன். இரண்டு காடுகளையும் சேர்க்க அதன் குறுக்கே ஒரு பச்சைப் பட்டை போட்டேன், மரம் நட்டு இணைக்க வேண்டிய பாதை என்று. சார் அந்தப் பட்டையைப் பார்த்து மிகவும் சந்தோஷப்பட்டார்.

ஒரு ராத்திரி வீட்டில் அந்த நான்கு பக்கங்களைப் போனில் படமெடுத்து மொழிபெயர்க்கப் பார்த்தேன். கையெழுத்து அதற்குப் பிடிபடவில்லை. அடுத்த அறையில் அப்பா இருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கண்ணாடியை எடுத்து மாட்டியிருப்பார். எம்.எஸ்சி. படித்த மகள் ஒரு கடிதத்தை வாசித்துத் தரச் சொல்லி அவரிடம் நீட்டுவதா என்று இருந்தது. சுருக்கத்தில் நானாக எழுதினேன்: ‘குடிநீர், சாலை முதலிய பொதுவான கோரிக்கைகள்.’ எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன். அந்த அளவுக்கு அது எனக்குச் சாதாரணமாக இருந்தது.

ஒன்றரை வருடம் கழித்து, நட்டதெல்லாம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க அனுப்பினார்கள். வைட்டிலா பஸ் நிலையத்தில் காலை பஸ் பிடித்து, இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். மழை பெய்து சில வாரங்கள் ஆகியிருந்தன. நான் பொட்டல் என்று குறித்த இடம் முழங்கால் உயரப் புல்லாக நின்றது. அதன் குறுக்கே, என் பட்டை போன வழியிலேயே, ஆடுமாடு நுழையாதபடி ஆழமாக ஓர் அகழி. அதை ஒட்டிக் கம்பிவேலி. உள்ளே பாதி பட்டுப்போன கன்றுகள். வரைபடத்தில் இரண்டு விரல் நீளம் இருந்த கோடு, நிலத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை போனது.

அந்த அக்கா வேலிக்கு இந்தப் பக்கம் ஆடுகளோடு நின்றார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். பாதி ஆடுகளை விற்றாகிவிட்டது என்றார். அவரே எனக்காகச் சமாதானமும் சொன்னார்.

“நீ படிச்சிருப்ப தாயி. மேல உள்ளவுக காதுல வாங்கிருக்க மாட்டாக. ஒன்னச் சொல்லி என்ன செய்ய.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் குனிந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கோப்பிலிருந்து அந்தத் தாள்களை எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து நிதானமாக, தடுமாறாமல் வாசித்தார். கோடையில் அந்த வெளியைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லாத இடம் என்று நினைக்க வேண்டாம், மழை விழுந்தால் ஆடுகளுக்கு நான்கு மாதத் தீவனம் அங்கேதான் என்று எழுதியிருந்தது. அதன் வழியாகத்தான் ஆடுகள் கண்மாய்த் தண்ணீருக்குப் போகின்றன. ஆள்காட்டிக் குருவி அங்கே வெறுந்தரையில் முட்டையிடும். வெளிமான் அங்கே மட்டும்தான் மேயும், மரம் அடர்ந்த இடத்துக்குள் வராது. மரம் நட வேண்டுமென்றால் கண்மாய்க் கரையில் நடுங்கள், நாங்களே தண்ணீர் ஊற்றுகிறோம். கடைசிப் பக்கத்தில் ஆடுகள் போகும் தடத்தைப் படமாகப் போட்டிருந்தார்கள். குன்றுகள், வெளி, கண்மாய், அம்புக்குறிகள். நான் வரைந்ததைவிட அது சரியான வரைபடம்.

அப்பா தாள்களை மடித்தார்.

“இது வந்து எத்தற நாளாச்சு மோளே?”

சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். வாசிக்கத் தெரியாததை ஒளித்தேன் என்பதைவிட, அவரிடம் வரக் கூசினேன் என்பது அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

மறுநாள் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விடும் என்று நினைத்துத்தான் போனேன். அவர் கோபப்படவில்லை. மழைக்காலப் படத்தைத் திறந்து இருவரும் பார்த்தோம். பிறகு, திருத்தம் அனுப்பலாம், காரணமாகப் புதிய படங்கள் கிடைத்திருக்கின்றன என்று எழுதினால் போதும் என்றார். அந்தப் படங்கள் முதலிலிருந்தே இருந்தவை. ஆனாலும் அப்படியே எழுதி, நானும் கையெழுத்துப் போட்டேன். சில மாதங்களில் வேலியில் ஓரிடத்தைத் திறந்து, அகழியை அந்த அளவுக்கு மூடிக் கொடுத்தார்கள். கொஞ்ச அகலம்தான். மிச்ச வேலி அப்படியே நின்றது.

திறந்துவிட்ட செய்தி கிடைத்ததும் நான் போனேன். இம்முறை யாரும் அனுப்பவில்லை. அந்த அக்கா என்னைப் பார்த்ததும் நன்றி சொல்ல ஆரம்பித்தார். போராடி வாங்கிக் கொடுத்துவிட்டாய் என்றார். அதற்குமேல் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

“நான் அதப் படிக்கவே இல்ல அக்கா. எனக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. தெரியும்னு பொய் சொன்னேன்.”

அவருக்கு முதலில் புரியவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். முகம் மெல்ல மாறியது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலாம் என்றும் இருந்தது.

“எனக்குந்தான் எழுதப் படிக்கத் தெரியாது. மருமகளை ரெண்டு நாளா ஒக்கார வச்சுச் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னேன்” என்றார். ஓரமாக விலகிய ஓர் ஆட்டைக் குரல் கொடுத்துத் திருப்பினார். “அன்னைக்கே தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, வாயால சொல்லிருப்பனே தாயி. சொல்லத்தான வந்தேன்.”

கம்பை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். ஆடுகள் அந்தச் சிறு திறப்பில் முட்டி மோதி ஒவ்வொன்றாக நுழைந்தன. எல்லாம் போய் முடியும்வரை நான் நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தத் திட்ட அறிக்கை அச்சாகி அலுவலக அலமாரியில் இருக்கிறது. வறண்ட நிலத்தில் செய்த வேலைக்கு மாதிரியாக, புதிதாகச் சேர்கிறவர்களுக்கு சார் அதை எடுத்துக் காட்டுவார். ஊர்க்காரர்களின் கருத்துகளைத் தொகுத்தவர் என்று உள்ளே என் பெயர் இருக்கிறது. அவர் அந்தப் பக்கத்தைத் திருப்பும்போது சாயா குடிக்கப் போகிற சாக்கில் நான் படியிறங்கிவிடுவேன்.