இடித்துப் பழகிய கை

விஸ்வநத்தத்தில் ஒரு வெடிக் கம்பெனியில், காகிதக் குழாய்களுக்குள் மருந்தைப் போட்டுக் குச்சியால் இடித்துத் திணிப்பது என் வேலை. என் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

போன மாதம் என் மனைவிக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. எச்சிலைக்கூட விழுங்க முடியாததால், மூக்கு வழியாக வயிறு வரை ரப்பர் குழாய் விட்டிருந்தார்கள். அதன் முனையில் புனல் வைத்து, வடிகட்டிய கஞ்சியை நான் ஊற்ற வேண்டும். தண்ணீர் மாதிரி இருக்கும் அந்தக் கஞ்சியில் உடம்பு எப்படித் தேறும்? மூன்றாம் நாள் கேப்பைக்கூழைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றினேன். குழாய் அடைத்துக்கொண்டது.

கை பரபரத்தது. வார்டு மூலையில் கிடந்த விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக் குழாய்க்குள் குத்தினேன், உலுக்கினேன். மூக்கில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி பிய்ந்து குழாய் பாதி வெளியே வந்துவிட்டது. அடைப்பு விட்டதென்று மறுபடி புனலைத் தூக்கினேன். பேச முடியாத அவள் இருமிக்கொண்டே என் கையைத் தட்டிவிட்டாள். சத்தம் கேட்டு சிஸ்டர் ஓடிவந்தார்.

"இப்ப ஊத்தியிருந்தீகன்னா நுரையீரலுக்குள்ள போயிருக்கும். இதென்ன வெடியா அண்ணாச்சி, இடிச்சு அடைக்க?"

புதுக் குழாய் போட்டார்கள். இப்போது கஞ்சியைத் துணியில் இரண்டு தடவை வடிகட்டுகிறேன். ஊற்றியதும் வெதுவெதுப்பான தண்ணீர் விடுகிறேன். அடைத்தால் குழாயைத் தொடாமல் சிஸ்டரைக் கூப்பிடுகிறேன்.

ஒரு கையில் நான் புனலைப் பிடித்திருக்கும்போது, இன்னொரு கையை அவள் இறுகப் பிடித்துக்கொள்கிறாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் பாசம் என்கிறார்கள். அவளுக்கல்லவா என் கையைத் தெரியும்!