கையை நீட்டு, திருப்பு, நாக்கைக் காட்டு

மாத்தளையில் மூக்கைச் சிந்துவதற்கு ஒரு பாடம் இருக்கிறது. பொய் இல்லை. காலையில் கடைத்தெருவில் நின்று பார்த்தால், மூன்று வயதுப் பிள்ளைகள் வெள்ளைச் சப்பாத்துப் போட்டு, நெஞ்சில் ஊக்கால் ஒரு லேஞ்சியைக் குத்திக்கொண்டு, வழக்குக்குப் போகிறவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நடப்பது தெரியும். சப்பாத்து என்றால் பூட்சு, லேஞ்சி என்றால் கைக்குட்டை. அவர்கள் போகிற இடத்துக்குப் பெயர் நேர்சரி. அங்கே வரிசையில் நிற்க, 'குட் மோர்னிங் டீச்சர்' சொல்ல, கையைத் தட்டிப் பாட, அந்த லேஞ்சியை எடுத்து மூக்கைப் பிடிக்க, எல்லாவற்றுக்கும் பழக்குகிறார்கள். பெரம்பலூருக்கு மேற்கே நம்ம ஊர்ப் பக்கம் இதைச் சொன்னால் சிரிப்பீர்கள் என்று தெரியும். நமக்கு மூக்குச் சிந்த ஒரு கை, துடைக்க ஒரு சுவர். நான் நாற்பதை நெருங்கியும் அந்தப் பழைய பாடத்தில்தான் இருக்கிறேன். சுவரை வெள்ளையடிக்கிற என் பெண்சாதியிடம் கேட்டால் சாட்சி சொல்வாள்.

எனக்கும் மூன்று வயதில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அது ஒரு வேப்பமரம். அம்மா கடலைக்காட்டில் களை எடுக்கப் போகும்போது, கிழிந்த சேலையின் ஒரு முனையை மரத்திலும் மறு முனையை என் இடுப்பிலும் கட்டிவிட்டுப் போவாள். சேலை எட்டும் வரை என் தேசம். அதற்கு அப்பால் எறும்புக்கு உரிமை இருந்தது, ஆட்டுக்கு உரிமை இருந்தது, எனக்கு இல்லை. அந்தப் பள்ளியில் நான் படித்த ஒரே பாடம், அழுதால் யாரும் வரமாட்டார்கள் என்பது. அதில் நல்ல மார்க்கோடு தேறினேன். அதற்குப் பிறகு மழைக்குக்கூட எந்தப் பள்ளிக்கூடத்தின் பக்கமும் ஒதுங்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படித்தது எல்லாம் இங்கே வந்த பிறகு, ரொட்டி சுற்றிக் கொடுக்கிற பழைய பேப்பரில். அதனால் நான் படித்த கதை எதற்கும் முடிவு கிடையாது, எண்ணெய்க் கறைதான் உண்டு.

வெள்ளைக்காரன் மூட்டை கட்டுவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முந்தி, பெரியப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு சிலோனுக்குக் கப்பல் ஏறியவன் நான். மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இறக்கிவிட்டார்கள். அங்கேயே வளர்ந்தேன், அங்கேயே கல்யாணம், அங்கேயே மகள் பவானி பிறந்தாள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நேர்சரி இல்லை, பிள்ளைக் காம்பரா உண்டு. கூலிக்காரர் வீட்டு வரிசையான லயத்தின் கோடியில் ஒரு நீள அறை. கூரையில் வரிசையாகச் சேலைத் தொட்டில். விடியும் முன்னே தாய்மார் பிள்ளைகளை ஆயம்மாவிடம் போட்டுவிட்டுக் கொழுந்து கிள்ள மலை ஏறிவிடுவார்கள். வாரம் ஒரு தடவை தோட்டத்து டாக்டரையா வந்து வாசலில் நிற்பார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். ஆயம்மா பிள்ளைகளை வரிசையாக நிறுத்துவாள். ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு கையையும் முன்னால் நீட்ட வேண்டும், நகத்தில் அழுக்குப் பார்க்க. பிறகு கையைத் திருப்ப வேண்டும், விரல் இடுக்கில் சிரங்கு பார்க்க. பிறகு நாக்கை நீட்ட வேண்டும், பூச்சி இருக்கிறதா என்று பார்க்க. மூன்றிலும் தேறிய பிள்ளை உள்ளே ஓடலாம். தேறாத பிள்ளைக்கு ஊதா மருந்து. பவானிக்கு அம்மா பெயர் என்ன என்று கேட்டால் 'அம்மா' என்பாள். ஆனால் வாசலில் சுத்தமான உடுப்புப் போட்ட ஒரு பெரிய ஆள் வந்து நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரியும்.

தோட்டத்தை விட்டு நாங்கள் இறங்கியதற்குக் காரணம் என் வாய். எங்களை வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளை எப்படி நடப்பார் என்று ஒரு நாள் நான் நடந்து காட்டினேன். பார்த்தவர்கள் சிரிக்கவில்லையே என்று இன்னும் நன்றாக நடந்தேன். அவர் எனக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருந்தார். இப்போது அலுவிகாரையில் ஒரு அறை வாடகைக்கு; டவுனில் ஹனீபா நானா, அதாவது ஹனீபா அண்ணன், அவருடைய சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிறேன். போஸ்ட் ஒபீசில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் என் ரொட்டிக்கு அடிமை. அவருடைய மனைவி வீட்டு முன்கூடத்தில் ஒரு நேர்சரி நடத்துகிறார். ஐயாவின் தட்டில் சில நாள் கூடுதலாகக் குழம்பு ஊற்றி, பவானிக்கு அங்கே ஓர் இடம் வாங்கினேன். லேஞ்சியும் ஊக்கும் நானே போய் வாங்கினேன். நம்ம பரம்பரையில் மூக்கைத் துணியால் துடைத்த முதல் ஆள் என் மகள்.

அவள் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். நேர்சரிக்கு ஒரு நோனா வந்தார். சிங்களத்தில் பெரிய வீட்டு அம்மாவை அப்படித்தான் சொல்வது. டவுனில் பெயர் பெற்ற வக்கீலின் மனைவி. பிள்ளைகள் பாயில் உட்காருவதால், சின்னக் கதிரைகள், அதாவது நாற்காலிகள், வாங்கித் தருவாரா என்று கேட்கத்தான் டீச்சர் அவரைக் கூப்பிட்டிருந்தார். பிள்ளைகள் பாட்டுப் பாட வேண்டும், நோனா மகிழ வேண்டும், கதிரை வர வேண்டும், அதுதான் ஏற்பாடு. நான் அங்கே இல்லை. டீச்சர் சொன்னதையும் மகள் நடித்துக் காட்டியதையும் சேர்த்துச் சொல்கிறேன். வாசலில் வெள்ளைச் சேலையோடு நோனா வந்து நின்றார். பேசவில்லை, சிரித்துக்கொண்டு நின்றார். மற்றப் பிள்ளைகள் பாட ஆரம்பித்தார்கள். என் மகள் வரிசையை விட்டு முன்னால் போய் இரண்டு கையையும் நீட்டினாள். நோனாவின் மனம் இளகிவிட்டது. "அனே, பவ்," என்றார். ஐயோ பாவம் என்று அர்த்தம். கைப்பையைத் திறந்து ஒரு காசை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். பவானி காசைப் பார்த்தாள். இது பாடத்தில் இல்லாத விஷயம். ஆனாலும் பாடத்தை நிறுத்தக் கூடாது அல்லவா? கையைத் திருப்பினாள். காசு விழுந்து உருண்டு போனது. அதற்குப் பிறகு, நோனாவின் முகத்தை நேராகப் பார்த்து, ஆன மட்டும் நாக்கை நீட்டினாள்.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பிள்ளையைக் கூட்டிப்போக வந்த சில தாய்மாரும் முற்றத்தில் நின்றார்கள்.

"உம்மட பிள்ளை என்ன செய்தவள் தெரியுமே?" என்றார் டீச்சர். "கையை நீட்டிப் பிச்சை கேட்டவள். அந்த அம்மா இரங்கிக் காசு வச்சா. அதை எறிஞ்சுபோட்டு அவவுக்கு நாக்கை வேறை நீட்டினவள். நான் இனி எந்த முகத்தோடை அவவிட்டக் கதிரை கேக்கிறது?"

"அது பிச்சை இல்லீங்க டீச்சர். செக்கிங்கு."

"என்ன செக்கிங்?"

சொல்லிப் புரியவைக்க எனக்குப் படிப்பு இல்லை. செய்து காட்டினேன். இரண்டு கையையும் நீட்டினேன், திருப்பினேன், அப்படியே டீச்சரைப் பார்த்து நாக்கையும் நீட்டினேன். ஒரு தாய் தன் பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள். "ஓ, இப்ப விளங்குது. இது வீட்டிலை பழக்கினது," என்றார் டீச்சர். நான் எதை விளக்கப் போனாலும் இப்படித்தான் விளங்கும்.

கடைசியில் தீர்ப்பு வந்தது. "நாளைக்குக் காலமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்த அம்மாவிட்டப் போம். பிள்ளை தன்ரை வாயாலை மன்னிப்புக் கேக்கவேணும். இல்லாட்டி இனி இஞ்சை கொண்டுவராதையும்."

"சரிங்க டீச்சர்," என்றேன். யார் எது சொன்னாலும் முதலில் இது என் வாயில் வந்துவிடும். கிண்டல் எல்லாம் அவர்கள் முதுகைத் திருப்பிய பிறகு. அப்போதுதான் குனிந்து பார்த்தேன். எனக்குப் பக்கத்தில் பவானி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தோளைக் குறுக்கி, கழுத்தைத் தாழ்த்தி, லேஞ்சியை ஊக்கிலிருந்து கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றாள். இதை எந்த ஆயம்மா இவளுக்குப் பழக்கினாள் என்று ஒரு கணம் கோபம் வந்தது. பிறகு பார்த்தால், என் கை கட்டியிருக்கிறது, என் தோள் குறுகியிருக்கிறது, என் துண்டு என் அக்குளில் இருக்கிறது.

துண்டை எடுத்துத் தோளில் போட்டேன். "இல்லீங்க டீச்சர். போக மாட்டோம்," என்றேன். சொல்லிவிட்டு, டீச்சரைவிட நான்தான் அதிகம் திடுக்கிட்டேன்.

அன்று என் அறையில் சோறு ஆறிப்போனது. "ஒரு மன்னிப்புத்தானே. வாய் தேஞ்சா போயிரும்?" என்றாள் என் பெண்சாதி.

"என் வாய் தேயாது. அவளுது மூணு வயசு வாய்."

"வீராப்பு உங்களுக்கு. படிப்புப் போறது அவளுக்கு. மலையில நான் கூடை சுமந்தது போதாதுன்னு அவளும் சுமக்கணுமா?"

எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பவன் நான். அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். விடிந்ததும் ரொட்டிக் கல்லுக்கு முன்னால் ஹனீபா நானாவும் பிடித்துக்கொண்டார்.

"டேய், நீ ரொட்டி சுடுறியா, சட்டம் பேசுறியா? அந்த வக்கீல் மாத்தயா, அந்த நோனாட புருசன், நம்ம கடைக்கு வாற ஆளு."

"ரொட்டிக்குத்தானே வாறாரு மொதலாளி."

"ஒன்ட வாயாலதான் தோட்டத்துலருந்து எறங்கின. இங்கருந்து எங்கடா எறங்கப் போற, கண்டிக்கா?"

"கண்டி மேல இருக்கு, ஏறணும் மொதலாளி. எறங்குறதுன்னா வடக்க நாலந்தாப் பக்கம்தான்."

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாவை அடித்துக்கொண்டே யோசித்தேன். என்னைப் போன்றவனிடம் யாரும் கேட்கப் போவதில்லை, கேட்காமலே சொல்கிறேன். மன்னிப்புக் கேட்பது நல்ல பாடம்தான். ஆனால் செய்த தப்பு என்ன என்று தெரிந்த பிறகு வர வேண்டிய பாடம் அது. தெரியாத தப்புக்கு மூன்று வயதிலேயே கும்பிடப் பழகினால், பிறகு ஆயுள் முழுக்க அதுவே உத்தியோகம். எனக்கு அந்த உத்தியோகத்தில் நல்ல அனுபவம் இருக்கிறது. வேப்பமரத்தில் கட்டிப்போட்டு நம்ம ஊர் எனக்குச் சொன்னதும், வரிசையில் நிறுத்தித் தோட்டம் என் மகளுக்குச் சொன்னதும், சப்பாத்துப் போட்டு இந்த டவுன் சொல்ல வருவதும் ஒரே பாடம்தான்: உன் கை உன்னுடையது இல்லை. ஒருவர் கட்டச் சொல்கிறார், ஒருவர் நீட்டச் சொல்கிறார், ஒருவர் தட்டச் சொல்கிறார். ஆனா ஆவன்னா மெதுவாக வரட்டும். எனக்கு எண்ணெய்க் கறைக்குள்ளேயே வந்தது. மண்ணில் விளையாடட்டும், விழுந்து எழும்பட்டும், அடுத்த பிள்ளையின் பிஸ்கட்டைப் பிடுங்கிவிட்டு, அது அழுகிறதைப் பார்த்துத் தானே திருப்பிக் கொடுக்கட்டும். மூன்று வயதுக்கு இதுவே பெரிய பட்டம். அதற்கு மேல், யாராவது எதற்காவது கையை நீட்டச் சொன்னால், 'ஏன்?' என்று கேட்கட்டும். இந்த ஒன்றைப் பழக்குகிற நேர்சரி இருந்தால் நானும் லேஞ்சி குத்திக்கொண்டு வந்து உட்காருவேன்.

இதையெல்லாம் டீச்சரிடம் சொல்வதற்காக மனப்பாடம் செய்துகொண்டுதான், என்னோடு வேலை செய்பவனிடம் அடுப்பை விட்டுவிட்டுப் பவானியைக் கூட்டிப்போனேன். வாசலில் டீச்சர் நின்றார். மனப்பாடம் செய்தது அத்தனையும் மறந்துபோனது.

"அந்த அம்மாவிட்டப் போனனீரே?"

"இல்லீங்க டீச்சர்."

"பிறகு ஏன் வந்தனீர்?"

"புள்ளைக்கு இங்க வரணும்னு ஆசை. எனக்கும் ஆசை. அந்தம்மாகிட்டப் போகத்தான் ஆசை இல்லீங்க. அவ அவங்களுக்குச் சுத்தமான கையைக் காட்டினா. பாக்கத் தெரியாதது அவங்க. கதிரை வராட்டி எம் மக பாயிலயே இருப்பா."

துண்டு தோளில்தான் இருந்தது. டீச்சர் வாசலை விட்டு நகராமல் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். சுத்தமான உடுப்பு, வாசல், பேசாமல் நிற்கிற பெரிய ஆள். எனக்கு விளங்குவதற்கு முன்னால் பவானிக்கு விளங்கிவிட்டது. கையை நீட்டினாள். திருப்பினாள். நாக்கையும் காட்டினாள்.

டீச்சர் அவள் கையைப் பிடித்தார். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். "நகம் வெட்டேல்லை," என்றார் என்னிடம், கோபம் குறையாமலே. "நாளைக்கு வெட்டிப்போட்டு அனுப்பும்." பவானி உள்ளே ஓடிவிட்டாள்.

கதிரை இன்னும் வரவில்லை. எல்லாப் பிள்ளையும் பாயில்தான் இருக்கிறது. சில தாய்மாருக்கு என் மேல் கோபம். தெருவில் கண்டால் தங்கள் பிள்ளையின் கண்ணைப் பொத்துகிறார்கள்.

இப்போதெல்லாம் பவானி வீட்டில் டாக்டரையா ஆகிவிடுகிறாள். நான் வேலை முடிந்து வந்தால் வாசலில் நின்று வழி மறிக்கிறாள். கையை நீட்ட வேண்டும். "ஏன்?" என்று நான் கேட்கிறேன், அப்படித்தான் அவளுக்குப் பழக்குகிறேன். "பாக்கணும்," என்கிறாள். அது நியாயமான பதில். நீட்டுகிறேன். உள்ளங்கையில் ஒரு நீளத் தழும்பு, நம்ம ஊர்க் கிணற்றுக் கயிறு அறுத்தது. திருப்புகிறேன். புறங்கை முழுக்க மாத்தளை ரொட்டிக் கல் சுட்ட புள்ளிகள். ஊரிலிருந்து வருகிற கடிதம் என்னைச் சிலோன்காரன் என்கிறது, இங்கே கடைத்தெரு இந்தியாக்காரன் என்கிறது. எங்களை மாதிரித் தோட்டத்துக்கு வந்தவர்களை யார் வைத்துக்கொள்வது என்று இந்தியா, சிலோன் இரண்டு அரசாங்கமும் பேசிக்கொண்டிருப்பதாகப் பேப்பரில் பார்த்தேன். முடிவு கறைக்குள் போய்விட்டது. என் மகள் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டு, "அழுக்கு. கழுவிட்டு வாங்க," என்கிறாள். இரண்டு பக்கமும் கழுவிவிட்டு வந்து மறுபடி நீட்டிக்கொண்டு நிற்கிறேன். பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பாவம் என்று யாராவது எதையாவது வைத்தால், திருப்புவதற்கு எனக்கும் தெரியும். நாக்கும் தயாராக இருக்கிறது.