ஸ்தோத்திர அக்காவின் கண்ணீர்

சலவைக் கடையில் அவளுக்கு இஸ்திரி போடும் வேலை. சபையில் அழும் வேலை. இரண்டிலும் கைதேர்ந்தவள். பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவள் ஸ்தோத்திர அக்கா.

ஞாயிறு ஆராதனையில் முதல் பெஞ்சு அவளுக்கே எழுதி வைத்த மாதிரி. பாட்டு இரண்டாம் சரணத்துக்கு வந்ததும் அக்காவின் கை மேலே போகும், கண்ணீர் பொலபொலவென்று கொட்டும். அதைப் பார்த்துப் பின்பெஞ்சுகளும் கை தூக்கும். பாட்டு நடத்தும் தம்பி, "தேவ பிரசன்னம் இறங்கிடுச்சு!" என்பான். அக்கா கை எழும்பாவிட்டால் கடவுளுக்கே உள்ளே வர அனுமதி கிடையாதோ என்று தோன்றும்.

ஒரு தடவை அது உண்மையாகவே நடந்தது. மகன் விஷக்காய்ச்சலில் பிழைத்த வாரம், பாட்டின் நடுவே யாரோ பக்கத்தில் வந்து நிற்பது போலிருந்தது. திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டு அழுது தீர்த்தாள். அடுத்த வாரம் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. அவர்களுக்கு ஏமாற்றம் தர மனமில்லாமல் அழுதாள். அப்புறம் அதுவே பழகிப்போனது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பாவம். ஆனால் வீட்டில் கைக்குட்டையைத் துவைக்கும்போதெல்லாம் நெஞ்சு உறுத்தும்.

கடையில் துணி மடிக்கிறவள் சமீபத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள். ஆறுதலாக இருக்குமே என்று அக்காதான் அவளைச் சபைக்கு இழுத்துப் போனாள். ஒரு நாள் போர்வையின் இரண்டு முனைகளைப் பிடித்தபடி அவள் சொன்னாள்.

"இனிமே நான் வரலக்கா."

"ஏம்மா?"

"உங்ககிட்ட வர்ற கடவுள் என்னைத் தாண்டிப் போயிடுறாரு. எவ்வளவு முட்டி மோதினாலும் எனக்கு ஒரு சொட்டு வரல. நான் செஞ்ச ஏதோ பாவத்துக்குத்தான் எம்புருஷனும் போய்ச் சேந்துட்டாரு போல."

அக்கா கையை நகர்த்த மறந்தாள். இஸ்திரிப் பெட்டி ஒரு சட்டையின் காலரைத் தீய்த்துவிட்டது. "இந்த ஒரு வாரம் மட்டும் வாம்மா" என்று கெஞ்சினாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் சரணம் வந்தது. தம்பி பார்த்தான், சபையே பார்த்தது. பழக்க தோஷத்தில் பாதி எழுந்த கையைக் கீழே இறக்கி, பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்தாள் அக்கா.

"எனக்கும் வரலம்மா. வருஷக்கணக்கா வரல. எல்லாம் நடிப்பு."

அவள் வெடுக்கென்று கையை உருவிக்கொண்டாள். "என்மேலதான் ஏதோ சாபம்னு தினம் செத்துக்கிட்டிருந்தேனேக்கா! இப்பத்தான் சொல்லத் தோணுச்சா?"

எல்லோரும் நிற்க, அக்கா பெஞ்சில் சரிந்து உட்கார்ந்து அழுதாள். வழக்கமான அழகான அழுகை இல்லை. மூக்கு ஒழுகியது, தோள் குலுங்கியது, இடுப்பில் செருகிய கைக்குட்டையை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. "மன்னிச்சிடும்மா, மன்னிச்சிடு" என்று முணுமுணுத்தாள்.

மேடையில் தம்பி பூரித்துப்போனான். "பாருங்க, பிரசன்னம் இறங்கிடுச்சு!" பின்னால் கைகள் மளமளவென்று எழுந்தன. அக்காவுக்கு வெட்கத்தில் உயிரே போய்விடும் போலிருந்தது.

மடிக்கிறவள் மட்டும் கை தூக்கவில்லை. குனிந்து அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"இதுவுமா நடிப்பு?"

அக்கா இல்லையென்று தலையாட்டினாள்.

அவள், "தள்ளி உக்காருங்க" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மன்னித்ததாகச் சொல்லவில்லை, எழுந்து போகவும் இல்லை. பக்கத்தில் ஆள் இருப்பது அக்காவின் தோளுக்குத் தெரிந்தது. மகன் பிழைத்த அந்த வாரத்தைப் போலவே, திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.