எட்டு விளக்குகளும் ஒரு தடையின்மைச் சான்றும்

ஒரே கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் எழுதி நான் செய்த தவறை, விதிகளின்படி யாரும் தவறு என்று சொல்லிவிட முடியாது. அதுதான் அந்தத் தவறின் பெரிய கோளாறு.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். ஒரகடம் பக்கம் காலையில் முள்காடாக இருந்த இடத்தில் மாலையில் சுற்றுச்சுவர் நிற்கும். அங்கே ஒரு சிறிய பேரூராட்சியில் நான் செயல் அலுவலர். புதிதாக வந்த உதிரிபாக ஆலைக்கு மின்துறை தனிப்பாதை இழுக்க வேண்டியிருந்தது. கம்பங்கள் எங்கள் சாலையோரமாகப் போயாக வேண்டும், சாலை பேரூராட்சியுடையது. எனவே மன்றத்தின் தடையின்மைச் சான்று கேட்டு உதவிப் பொறியாளர் கடிதம் கொடுத்தார். ஊருக்கும் மின்சாரத்துக்கும் ஒப்பந்தம் ஏற்படுவது அங்கெல்லாம் இப்படித்தான். அவர்கள் கேட்பார்கள், நாங்கள் கொடுப்போம், ஆலை வெளிச்சமாகும், நாங்கள் அந்த வெளிச்சத்தைத் தூரத்திலிருந்து பார்ப்போம்.

எங்கள் தலைவரம்மா இந்த முறை அப்படி விடத் தயாராக இல்லை. அவருடைய மகள் செல்போன் பாகங்கள் செய்யும் ஆலையில் இரண்டாம் ஷிப்டு. கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டால், குடியிருப்பு வரைக்கும் இருட்டு. ஒரு பக்கம் கருவேல முள், மறுபக்கம் மூடாத கால்வாய். தெற்கிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருந்த பெண்களும் அதே வழிதான். தலைவரம்மாவின் கணவர் படப்பை வழியில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். அவர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "இந்த மாசம் லைட்டு வரலைன்னா பொண்ண வேலைய வுட்டு நிறுத்திடு. அவ்ளோதான்." மகள் மூன்று நாள் பேசவில்லை. வேலையை விடுவதைவிட அப்பாவை விட்டுவிடலாம் என்று அவள் யோசிப்பதாகத் தெரிந்தது.

"சார், கம்பம் நடட்டும். ஆனா அந்த வழியில எட்டு லைட்டு எரிஞ்சப்புறந்தான் ஆலைக்கு கரண்டு. அத எழுதிடுங்க" என்றார் தலைவரம்மா.

நான் எழுதினேன், முறைப்படி. ஒரு பொருளுக்கு ஒரு தீர்மானம் என்பது என் கொள்கை. முதல் தீர்மானம்: கம்பம் நட மன்றத்துக்குத் தடையில்லை. இரண்டாவது தீர்மானம்: எட்டுத் தெருவிளக்குகள் அமைக்க மின்துறையைக் கேட்டுக்கொள்கிறது. இரண்டும் நிறைவேறின. மிக்சர் தட்டு காலியானது, உறுப்பினர்கள் கலைந்தார்கள். மணி பன்னிரண்டு.

அப்போது உதவிப் பொறியாளரிடமிருந்து தொலைபேசி. "நாலு மணிக்கு வரேன் சார். முதல் தீர்மானத்தோட நகல் மட்டும் போதும்." கூட்டத்துச் செய்தி அதற்குள் அவருக்கு எட்டியிருந்தது; குரலில் ஒரு துள்ளல். நான் ரிசீவரை வைத்துவிட்டு நோட்டைப் பார்த்தேன். முதல் தீர்மானத்தில் விளக்கு என்ற சொல்லே இல்லை. இரண்டாவது தீர்மானம் ஒரு வேண்டுகோள். வேண்டுகோள்களை எந்த அலமாரியில் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். என்னிடமும் அப்படி ஓர் அலமாரி இருந்தது.

தலைவரம்மாவிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. அது இன்னும் மோசம்.

"இவ்ளோ படிச்சிகினு இப்படி பண்ணிட்டீங்களே சார். சரி, ரெண்டையும் ஒண்ணா ஒட்டுங்க."

"நிறைவேறின தீர்மானத்தை மூணு மாசத்துக்குள்ள தொடக்கூடாதும்மா. தொடணும்னா மொத்த உறுப்பினர்ல பாதிப் பேர் எழுத்துல சம்மதிக்கணும். அப்புறம் அவசரக் கூட்டம் போடணும்."

"பாதின்னா?"

"ஆறு பேர்."

"நான் ஒண்ணு. இந்தா, இது ரெண்டு" என்று, மீதி மிக்சரைக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்த பெண் உறுப்பினரின் கையில் பேனாவைத் திணித்தார். "மீதி நாலு பேரு தானே? வாங்க சார்."

வாசலில் அவர் கணவரின் ஷேர் ஆட்டோ உறுமிக்கொண்டு நின்றது. பெண் உறுப்பினரும் மிக்சர் பொட்டலத்தோடு ஏறிக்கொண்டார். பேரூராட்சி வரலாற்றில் தீர்மான நோட்டு அலுவலகத்தை விட்டு வெளியே போனது அதுவே முதல் முறை. நான் அதைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டேன்.

துணைத் தலைவர் முடிதிருத்தும் கடையில் அகப்பட்டார், பாதி முகத்தில் நுரையோடு. "இன்னாம்மா, காலைல தானே கை தூக்கினேன்!" என்றவர், துண்டைத் தோளிலிருந்து எடுக்காமலேயே கையெழுத்துப் போட்டார். மறுபாதியை மழிக்க நேரமில்லை. அப்படியே ஏற்றிக்கொண்டோம்.

மனை விற்கும் உறுப்பினர் படப்பைக்குப் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு நிலம் காட்டிக்கொண்டிருந்தார். "இங்க ஸ்ட்ரீட் லைட்டு வருமா சார்?" என்று அந்தக் குடும்பத்தலைவர் கேட்ட அதே நொடியில் எங்கள் ஆட்டோ போய் நின்றது. "தோ பாருங்க, லைட்டுக்காகத்தான் ஆபீசரே வந்துட்டாரு" என்றார் உறுப்பினர். குடும்பத்தலைவர் கேட்டது அந்த மனைக்கு. நாங்கள் போனது வேறு சாலைக்கு. திருத்த நேரமில்லை. மனை விற்பவரும், அவரோடு நிலம் பார்க்க வந்திருந்த இன்னொரு உறுப்பினரும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஏறினார்கள். ஐந்து.

ஆறாவது ஆள்தான் சிக்கல். எதிரணி உறுப்பினர். ஒவ்வொரு கூட்டத்திலும் தேநீர் குடித்து முடித்ததும் வெளிநடப்புச் செய்வது அவர் வழக்கம். அன்று காலையும் செய்திருந்தார். மணிமங்கலத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பாயசத்துக்குக் காத்திருந்தார்.

"நான் வெளிய வந்து ரெண்டு மணி நேரம் ஆவுது. திரும்பி வந்தா என் மானம் இன்னாவறது?"

"வந்து கையெழுத்து போட்டுட்டு, மறுபடியும் வெளிநடப்பு பண்ணுங்கண்ணா. யாரு வேணான்னாங்க?" என்றார் தலைவரம்மா. "உங்க அக்கா பொண்ணும் அந்த இருட்டுல தானே வருது?"

அவர் இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பாயசம் வரட்டும்" என்றார்.

பாயசம் வந்தது. கையெழுத்தும் வந்தது, ஒரு முந்திரிப் பருப்பு அளவுக் கறையோடு. அந்தக் கறைக்கு ஓரத்தில் நான் சுருக்கொப்பம் போட்டு, 'பாயசம்' என்று எழுதி வைத்தேன். தணிக்கையில் கேட்பார்கள்.

திரும்பும்போது ஆட்டோவில் ஓட்டுநரைத் தவிர ஏழு பேர். பாதி மழித்த துணைத் தலைவரின் தாடை என் தோளில். மணி மூன்றேகால். எங்கள் ஊர் எல்லைப் பலகையைத் தாண்டியதும் எல்லாம் நின்றுபோனது. முன்னால் வளைவில் ஒரு நீள டிரெய்லர், மேலே மலை போல ஒரு மின்மாற்றியோடு, குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. எந்த ஆலைக்கு என்று கேட்டால், நம் ஆலைக்குத்தான்.

"இறங்குங்க. நடந்துடலாம்" என்றார் தலைவரம்மா.

நடந்தோம் என்று சொல்வது மரியாதைக்காக. மன்றத்தின் பாதி உறுப்பினர்கள் வேட்டியையும் சேலையையும் தூக்கிக் கட்டிக்கொண்டு டிரெய்லரின் சக்கரத்துக்கும் கால்வாய்க்கும் நடுவே ஓடினார்கள். நான் நோட்டைத் தலைமேல் தூக்கிக்கொண்டு ஓடினேன். டிரெய்லருக்கு அந்தப் பக்கம், நெரிசலில் சிக்கிய ஜீப்புக்குள், உதவிப் பொறியாளர்.

"சார்! எங்க இவ்ளோ அவசரமா?"

"கூட்டம்!" என்று கத்தினேன்.

எங்கோ விபத்து, அதற்குக் கூடிய கூட்டம் என்று நினைத்துவிட்டார். "யாருக்கு என்ன ஆச்சு?"

நான் நிற்காமல் ஓடினேன். கூட ஓடிவந்த எதிரணி உறுப்பினர்தான் திரும்பிப் பார்த்து, "உங்களுக்குத்தான் சார், இன்னும் கொஞ்ச நேரத்துல!" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

மூன்று ஐம்பதுக்கு அவசரக் கூட்டம். இரண்டு தீர்மானங்களும் ஒன்றாயின: எட்டு விளக்குகளும் எரிந்த பிறகே ஆலைப் பாதையில் மின்சாரம் விட வேண்டும், அந்த நிபந்தனையோடு மட்டுமே தடையில்லை. எதிரணி உறுப்பினர் ஆதரித்துக் கை தூக்கினார். பிறகு எழுந்து வெளிநடப்புச் செய்து, வாசல்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். நடக்கத் தெம்பில்லை.

நாலேகாலுக்கு வந்த உதவிப் பொறியாளர் நகலை இரண்டு முறை படித்தார். "காலைல இப்படி இல்லையே சார்?"

"காலைல தாடி முழுசா இருந்துச்சு சார். காலம் மாறுதுல்ல?" என்றார் துணைத் தலைவர்.

உதவிப் பொறியாளர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான். ஆலைக்காரர்களுக்கு அவசரம் இருந்ததால் மூன்றே வாரத்தில் எட்டு விளக்குகளும் வந்தன.

சோதனை ஓட்டம் மாலை ஆறரைக்கு என்று குறித்திருந்தேன். தலைவரம்மா அதைப் பகல் இரண்டு மணிக்கு மாற்றினார்.

"வெயில்ல என்ன மேடம் தெரியும்?" என்றார் உதவிப் பொறியாளர்.

"ரெண்டாம் ஷிப்டு பொண்ணுங்க இப்பதான் சார் போவுதுங்க. பாத்துட்டு போனா, திரும்பி வரப்ப பயம் இருக்காது."

சுவிட்சைப் போட்டார்கள். கொளுத்தும் வெயிலில் எட்டு டியூப் லைட்டுகள், எரிகின்றன என்று நம்பினால் எரிந்தன. சீருடைப் பெண்கள் கையைப் புருவத்துக்குக் கொடுத்து அண்ணாந்து பார்த்தார்கள். "ஏட்டி, எட்டும் எரியுது, பாத்தியா?" என்று திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி குதித்தாள். தலைவரம்மாவின் மகள் ஒவ்வொரு கம்பத்தையும் தட்டி எண்ணிக்கொண்டே போய், எட்டாவதில் நின்று, ஆட்டோவில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்து எட்டு விரல்களைக் காட்டினாள். அவர் ஹாரனை இரண்டு முறை அடித்தார். அவர்கள் வீட்டில் சம்மதத்துக்கு அவ்வளவுதான் சத்தம்.

பகலில் தெருவிளக்கு எரிந்தால் செயல் அலுவலர் விளக்கம் தர வேண்டும். எதிரணி உறுப்பினருக்கு அது தெரியும். ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில், 'பட்டப்பகலில் எட்டு விளக்குகள் வீணாக எரிகின்றன, நடவடிக்கை தேவை' என்று எழுதிச் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னிடம் நீட்டினார். முறைப்படி வாங்கிக்கொண்டேன். கம்பெனி பஸ் அந்தப் பெண்களை ஏற்றிக்கொண்டு வளைவில் மறையும் வரை அதைப் பரிசீலனையில் வைத்திருந்தேன்.