கழற்றப் பயந்த வளையல்கள்

சென்ற ஆண்டு தீபாவளி நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் நடந்தது இது. அப்போது நான் எட்டு மாதக் கர்ப்பிணி. மூத்தவளுக்கு நான்கு வயது.

வளைகாப்பு முடிந்த சில நாட்களிலேயே என் வலது கை மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் ஊசி குத்துவதுபோல் இருக்கும். பிறகு அவை இருப்பதே தெரியாது. பாலிகிளினிக் மருத்துவர், கர்ப்பகால வீக்கத்தால் மணிக்கட்டில் ஒரு நரம்பு அழுந்துகிறது, பயப்பட ஒன்றுமில்லை, தூங்கும்போது மணிக்கட்டு மடங்காமலிருக்கப் பட்டை கட்டிக்கொள்ளுங்கள் என்றார். பட்டையும் வாங்கி வந்தேன்.

வீட்டுக்கு வந்து கட்டப் பார்த்தால், கை நிறைய வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல்கள். அவற்றைக் கழற்றாமல் பட்டை ஏறாது. பிரசவம் வரை கழற்றக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். படித்தவள்தான் நான். ஆனாலும், கழற்றிய பிறகு பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற எண்ணம் வந்ததும் மனம் துணியவில்லை. வளையல் போட்டுவிட்ட மாமியாரிடம் கேட்கவும் தயக்கம். என்ன நினைப்பாரோ? பட்டையை அலமாரியில் வைத்துவிட்டு, கணவரிடம் வலி குறைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். குறையவில்லை.

அந்த ஞாயிறு, மகளுக்குப் பட்டுப்பாவாடை வாங்கிக்கொண்டு சிராங்கூன் சாலையைக் கடக்க நின்றிருந்தேன். இடது கையில் பைகள், வலது கையில் மகள். நெருக்கியடிக்கும் கூட்டம். திடீரென்று காலடியில் தக்காளிகள் உருண்டன. திரும்பிப் பார்த்தால், வேலை உடுப்பிலிருந்த ஓர் இளைஞர் தன் காய்கறிப் பையைக் கீழே போட்டுவிட்டு, சாலையில் இறங்கிவிட்ட என் மகளை வாரித் தூக்கிக்கொண்டிருந்தார். அடுத்த நொடி ஒரு பேருந்து எங்களைக் கடந்து போனது.

“நான் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்” என்றேன்.

“இல்லக்கா. பாப்பா அப்பவே கையை உருவிட்டு வந்துருச்சு. நீங்க கவனிக்கல.”

என் கையைப் பார்த்தேன். விரல்கள் எதையோ பிடித்திருப்பதுபோல் மடங்கியே இருந்தன. உள்ளே ஒன்றுமில்லை.

அவர் தக்காளிகளைப் பொறுக்கிக்கொண்டு, பச்சை விளக்கு எரிந்ததும் மகளின் கையைப் பிடித்து எங்களை எதிர்ப்பக்கம் விட்டுவிட்டுத்தான் போனார். பதற்றத்தில் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

ஒரு கடை வாசலில் உட்கார்ந்து, பாசிர் ரிஸ்ஸில் இருக்கும் மாமியாருக்குப் போன் செய்தேன். நடந்ததையும் நடக்காமல் தப்பியதையும், வளையலைக் கழற்றப் பயந்து பட்டை கட்டாமல் இருந்ததையும் அழுதுகொண்டே சொன்னேன். பிள்ளைக்கு அடி ஒன்றும் இல்லையே என்றுதான் முதலில் கேட்டார்.

“வளையல் யாருக்காகம்மா போடுறோம், பிள்ளைங்களுக்காகத்தானே? கழட்டிட்டு டாக்டர் சொன்னதைக் கட்டு. உன் புருஷன் வயித்துல இருந்தப்ப எனக்கும் கை வீங்குச்சு. ஒரே வாரத்துல கழட்டிட்டேன். அவனுக்கு என்ன குறைச்சல்? தின்னுட்டு நல்லாத்தானே இருக்கான் லா.”

அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் கணவர் என் கையில் சோப்பு தடவி, ஒவ்வொரு வளையலாகக் கழற்றினார். பட்டை கட்டிப் படுக்க ஆரம்பித்த பிறகு மரத்துப்போவது குறைந்தது. மகன் பிறந்து சில வாரங்களில் சுத்தமாக நின்றுவிட்டது. அவன் கொழுகொழுவென்று நலமாக இருக்கிறான்.

மாமியார் சொல்லவே சொல்லாத ஒரு பதிலுக்குப் பயந்துதான் அத்தனை நாளும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறேன்; இப்போதெல்லாம் மகளின் கையைப் பிடித்து நடக்கையில் அவள் விரல்களின் சூடு உள்ளங்கையில் தெரிகிறதே, அதுவே எனக்குப் போதும்.