இனிப்பைத் தின்னாத கரப்பான்கள்

சுப்பையாவுக்கு மூன்று நாளாக இருப்புக் கொள்ளவில்லை. வடக்கே கராடியில் ஒரு கம்பெனி கேன்டீனில் கரப்பான் ஒழிக்கும் வேலை எட்டு வருடமாக அவருடையது. அவர் மனைவி பவுன் அங்கேதான் சப்பாத்தி தேய்க்கிறாள். திங்கட்கிழமை சுகாதார ஆய்வு. அன்றைக்கு ஒரு கரப்பான் கண்ணில் பட்டாலும் சமையலறைக்குப் பூட்டு. பவுனுக்கும் வேலை போய்விடும்.

மனிதருக்குத் தன் மருந்தில் அப்படி ஒரு நம்பிக்கை. இனிப்புப் பசை அது. கடுகளவு பொட்டாக, வைத்த இடத்திலேயே வைப்பார். முதல் வருடம் கரப்பான்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. இவ்வளவு நன்றாக வேலை செய்வதை எந்தப் புத்திசாலி மாற்றுவான்? இப்போதோ பொட்டுகள் அப்படியே காய்ந்து கிடந்தன. போலி மருந்து என்று கடைக்காரரிடம் சண்டை போட்டார். புது டப்பா வாங்கினார். ஒன்றும் நடக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அடுப்புக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு கரப்பான் வந்தது. பசையில் வாய் வைத்தது. சூடு பட்டதுபோல் பின்வாங்கி ஓடியது.

"இதத்தான எத்தன மாசமாச் சொல்லுதேன்?" என்றாள் பவுன். "ஜிலேபிப் பாகு சிந்துனா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது. கடலப்பொடியிலதான் மொய்க்குது. நான் சொல்லி நீங்க எங்க கேட்டிய?"

சுப்பையாவுக்கு அப்போதுதான் விளங்கியது. ஆயிரத்தில் ஒன்றிரண்டு, பிறக்கும்போதே இனிப்பு பிடிக்காமல் பிறந்திருக்கும். ஆசைப்பட்டுத் தின்றவற்றை எல்லாம் அவர் கொன்று தீர்த்தார். மிஞ்சியவை முட்டையிட்டன, குஞ்சுகளுக்கும் அதே நாக்கு.

வேறு மருந்து வைக்கிறேன் என்று சொல்ல மானேஜர் ராம்பிரசாத்திடம் ஓடினார். அவரோ ஏற்கெனவே வேறு ஆளுக்குச் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை தன் சாமான்களை எடுக்கப் போனபோது புது ஆள் வந்திருந்தார். கிறிஸ்டோபர் என்று பெயர். பாளையங்கோட்டைக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. அவர் பையிலிருந்து எடுத்ததும் அதே இனிப்புப் பசைதான். சுப்பையாவுக்கு ஒரு நிமிடம் குளுகுளுவென்றிருந்தது. வைக்கட்டும், ராம்பிரசாத்துக்கு அப்போது தெரியும். உள்ளே பவுன் தலைகுனிந்து மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"தம்பி, அத வைக்காதீய. இனிப்பில்லாத மருந்தா வையிங்க. இங்க உள்ளது இனிப்பு திங்காது."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

"எட்டு வருசமா நாந்தான வளத்தேன்," என்றார் சுப்பையா.