நீலத் தொட்டியும் ஒரு சொம்புத் தண்ணியும்

எங்கள் தெருவில் சாக்கடை ஓரமாக பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போகும் காலை நேரங்களில், மற்றவர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்க, எனக்கு மட்டும் நாக்கில் இனிப்பு ஊறும். இதை வெளியே சொன்னால் டாக்டரைப் பார் என்கிறார்கள். டாக்டர் பார்க்க இதில் ஒன்றுமில்லை. உப்பில்லாத தண்ணீரில் என் உடம்பு முழுசாக நனைந்த முதல் நாள் அந்த வாசனையோடுதான் எனக்குள் இறங்கியது. கூடவே ஒரு கோபமும் இறங்கியது. வாசனை வருகிறது, போகிறது. கோபம் மட்டும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது.

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் திட்டில் எங்கள் குப்பம். ஒரு பக்கம் எட்டிக் குதித்தால் ஏரி, மறுபக்கம் கொஞ்சம் நடந்தால் கடல், இரண்டும் உப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் ஏரியில் விழுந்து, பசி எடுத்த பிறகே கரையேறி, காற்றில் அப்படியே காய்ந்து நின்றால் உடம்பெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்துவிடும். இன்னும் ரெண்டு நாள் வெயிலில் விட்டிருந்தால் என்னைக் கூடையில் போட்டுக் கருவாடாக விற்றிருக்கலாம், எடைக்குத்தான் ஒன்றும் தேறியிருக்காது.

குடிதண்ணீருக்கு இருந்தது "ஊத்து" ஒன்றுதான். சவுக்குத் தோப்பை ஒட்டிய பள்ளத்தில் கையால் மணலைத் தோண்டினால் முழங்கை ஆழத்தில் நல்ல தண்ணீர் கசியும். அதைக் கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு ஒரு குடம் நிறைவதற்குள் பெண்கள் எங்கள் ஊர்க் கதையைப் பேசி முடித்து, பக்கத்து ஊர்க் கதையிலும் பாதி தாண்டியிருப்பார்கள். குடிக்க, சோறாக்க என்று போக, மிச்சத்தில் பிள்ளைகளுக்குத் தலைக்கு ஒரு சொம்பு. ஒரே சொம்புதான். அது உச்சியிலிருந்து வழியும்போது அம்மாவின் கை அதன் பின்னாலேயே ஓடி, ஒரு சொட்டையும் சும்மா விடாமல் தேய்த்து உப்பைக் கழற்றும். பிறகு பரீட்சை. அம்மா குனிந்து என் தோள்பட்டையில் நாக்கை வைத்துப் பார்ப்பாள். "கரிக்குது, திரும்பு" என்றால் மீண்டும் தேய்ப்பு, "ஓடு" என்றால் பாஸ். எங்கள் குப்பத்துத் தாய்மார் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு, ஏனென்றால் உப்பு தங்கினால் அக்குளிலும் தொடையிடுக்கிலும் புண்ணாகிவிடும். நான் வாழ்க்கையில் ஒழுங்காகப் பாஸான பரீட்சை அது ஒன்றுதான்.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் ரிசார்ட் வந்தது. ஊருக்கே வேலை என்றார்கள். கடைசியில் வேலை கிடைத்தது என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு மட்டும், அதுவும் வாட்ச்மேன் வேலை. ஒரு தொப்பி, ஒரு விசில், தொடை வரை தொங்கும் சட்டை. வாழ்க்கை முழுக்க வலை இழுத்த மனுஷன் எச்சில் தெறிக்கத் தெறிக்க விசில் பழகியதை நாங்கள் வேலிக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்து பார்த்தோம். உள்ளே நீல நிறத்தில் ஒரு குளம் கட்டியிருப்பதாக மாமா சொன்னார். நாங்கள் அதற்கு "நீலத் தொட்டி" என்று பெயர் வைத்தோம்.

அந்தக் கோடையில் ஊத்து இறங்கத் தொடங்கியது. முழங்கை ஆழத்தில் கிடைத்த தண்ணீர் இடுப்பளவுக்குப் போனது, இடுப்பளவில் கிடைத்ததும் லேசாகக் கரித்தது. வெயில் ஜாஸ்தி என்றார் நைனா, அதாவது என் அப்பா. முகத்துவாரம் மண் மூடியதுதான் காரணம் என்றார்கள் சிலர். அம்மனுக்குக் கூழ் ஊற்றாததுதான் என்று சிலர் சொல்லி, உடனே ஊற்றியும் பார்த்தார்கள். அந்த நீலத் தொட்டியை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. அதை ஏரித் தண்ணீரால்தான் நிரப்புகிறார்கள் என்று ஊரே நினைத்திருந்தது. நினைக்காமல் என்ன செய்யும்? இரண்டு பக்கமும் இத்தனை தண்ணீரை வைத்துக்கொண்டு, குளிப்பதற்காக, அதுவும் விளையாட்டுக்குக் குளிப்பதற்காக, குடிக்கிற தண்ணீரை ஒருவன் தொட்டி தொட்டியாகக் கொட்டுவான் என்று எங்கள் ஊரில் ஒரு ஜீவனுக்கும் தோன்றவில்லை. தலைக்கு ஒரு சொம்பு என்று அளந்து ஊற்றிய புத்திக்கு அந்த அளவு எட்டாது. இதை எங்கள் அறியாமை என்று பின்னால் ஒரு படித்தவர் என்னிடம் சொன்னார். அவர் வாயில் ஏரித் தண்ணீர் ஒரு சொம்பு ஊற்ற வேண்டும் போலிருந்தது.

நான் நச்சரித்த நச்சரிப்பில் ஒரு மத்தியானம் மாமா இளகினார். "டேய் மருமவனே, துன்னுட்டு அல்லாரும் தூங்கறானுங்கோ. ஒரே முழுக்கு, ஜல்தியா ஓடியாந்துடணும். சத்தம் கித்தம் வந்துச்சு, என் வேலை பூடும்" என்று பக்கவாட்டுக் கதவைத் திறந்தார். நான் ஓடி வந்து, ஏரியில் குதிப்பதைப் போலவே, கையைக் காலை விரித்துக்கொண்டு பாய்ந்தேன்.

ஏரியின் உப்புத் தண்ணீர் அதுவரை என்னைப் பாதி தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இந்தத் தண்ணீர் என்னைத் தாங்கவில்லை, நான் செங்கல்லைப்போல நேரே அடிக்குப் போனேன். மூக்கில் பிளீச்சிங் பவுடர் வாசனை ஏற, பயத்தில் வாயைத் திறந்தேன். இனித்தது. மூழ்குகிற எவனும் செய்யாத காரியமாக, இன்னொரு வாய் குடித்தேன். அதற்குள் யாரோ என் அரைஞாண் கயிற்றைப் பிடித்து மேலே தூக்கினார்கள். கூலிங் கிளாஸ் போட்ட, தொப்பை மட்டும் தீவு மாதிரி மிதந்துகொண்டிருந்த ஒரு சென்னைக்காரர்.

"ஏம்பா, மீன் பிடிக்கிறவங்க வீட்டுப் புள்ள நீ, நீச்சல் தெரியாதா?" என்றார். காலை ஊன்றி நின்று பார்த்தால் தண்ணீர் என் மார்பளவுதான் இருந்தது. எங்கள் பரம்பரையில் மார்பளவுத் தண்ணீரில் மூழ்கப் பார்த்தவன் நான் ஒருவனே.

மரியாதைக்கு ஏதாவது கேட்கவேண்டுமே என்று, "சார் எந்த ரூம்ல தங்கிக்கீறீங்க?" என்றேன். அவர் உதட்டில் விரலை வைத்துச் சிரித்தார். "ரூமாவது ஒண்ணாவது. காலைல போட்ல வந்தேன், சாயந்தரம் போயிடுவேன். தலைய நனைச்சிக்கிட்டு, டவலைத் தோள்ல போட்டுக்கிட்டு, நேரா நடந்து வந்துடணும். ஒருத்தனும் கேக்க மாட்டான்."

உண்மைதான். சாயங்காலம் அவர் கிளம்பியபோது என் மாமா விறைப்பாக நின்று அவருக்கு ஒரு சல்யூட் வைத்தார், நான் வேலிக்கு வெளியிலிருந்து பார்த்தேன்.

வீட்டுக்குப் போனதும் அம்மா வழக்கம்போல் சொம்பைத் தூக்கினாள். "வாணாம்மா, இன்னிக்கி கரிக்கல" என்று பெருமையாகத் தோளைக் காட்டினேன். அம்மா குனிந்து நாக்கை வைத்தாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். மறு தோளில் வைத்தாள், பிடரியிலும் வைத்தாள்.

"எங்கடா குளிச்ச?"

அடி விழப்போகிறது என்று பயந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "நீலத் தொட்டிலமா. மாமாதான் உள்ள வுட்டாரு. அது பூரா நல்ல தண்ணிமா, நான் குடிச்சிக்கூட பாத்தேன்."

அடி விழவில்லை. அம்மா சொம்பைக் கீழே வைத்துவிட்டு, வலை பின்னிக்கொண்டிருந்த நைனாவிடம் போனாள். "நம்ம ஊத்து அவன் தொட்டில கீது" என்றாள்.

"இன்னாமே பேத்தற? அவன் ரொப்பறது ஏரித் தண்ணி."

"உன் புள்ளைய நக்கிப் பாரு."

நைனா, அவர் வாழ்நாளில் முதலும் கடைசியுமாக, என் தோளை நக்கிப் பார்த்தார். பிறகு வலையைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். செய்தி பரவி, பொழுது சாய்வதற்குள் குப்பத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து நாக்கால் சோதித்துவிட்டுப் போனார்கள். ஐஸ் குச்சிக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடைத்திருக்காது. ஒரு ஊரே திருடு போனதற்கு அத்தாட்சியாக, அரை டிரவுசரோடு, கூச்சத்தில் நெளிந்துகொண்டு நான் நின்றேன்.

மறுநாள் காலையில் பெண்கள் எல்லாரும் குடத்தோடு ரிசார்ட் வாசலில் நின்றார்கள். மாமா இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

"அக்கா, சொன்னா கேளு. ரூம் போட்டவங்களுக்குத்தான் உள்ள."

"நேத்து உன் மருமவன் எந்த ரூம்ல தங்கனான்?" என்றாள் அம்மா.

மாமாவின் முகம் செத்துப்போனது. "அக்கா, என் பொயப்பு..."

"விசிலு வெச்சிக்கீற இல்ல? ஊது. உங்கக்காவப் பாத்து ஊதுடா, பாக்கலாம்."

மாமா விசிலை வாய் வரைக்கும் கொண்டுபோனார். ஊதவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார்.

பெண்கள் தொட்டி விளிம்பில் மண்டியிட்டுக் குடத்தை அமிழ்த்தினார்கள். மேனேஜர் ஷூ சறுக்க ஓடிவந்தார். "அம்மா, இது கெஸ்ட்டுங்க குளிக்கிற எடம், வெளியாளுங்க வரக்கூடாது. இது குடிக்கிற தண்ணி இல்லம்மா, மருந்து கலந்தது."

"குடிக்கிற தண்ணிலதானேயா மருந்த கலந்த?" என்றாள் அம்மா.

பக்கத்து வீட்டு அத்தை இன்னொருத்தியிடம், "ஏய், எட்டிக் குனியாத. உள்ள வுழுந்தா நீயும் கெஸ்ட்டு ஆயிடுவ" என்றாள். அந்தக் கோபத்திலும் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நிறைந்த குடங்களை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. தோப்பைச் சுற்றி நடந்து, ஊத்துப் பள்ளத்தில் கவிழ்த்தார்கள். மணல் ஒரே மூச்சில் உறிஞ்சியது. திரும்பவும் போய் மொண்டு வந்தார்கள், திரும்பவும் கவிழ்த்தார்கள். "ஏம்மா கொட்டற?" என்று கேட்டேன். "எட்த்த எடத்துல வெக்கிறேன்" என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமலே. தொட்டியின் நீல ஓடுகள் ஈரமாக ஒரு சாண் அளவுக்கு வெளியே தெரிந்தன. விடுமுறைக்கு வந்தவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு செல்போனில் படம் பிடித்தார்கள். தொப்பி போட்ட ஒரு அம்மாள், இது உங்கள் ஊர்த் திருவிழாவா என்று என்னிடம் ஆசையாகக் கேட்டாள். ஆமாம் என்று சொல்லி அவள் நீட்டிய பிஸ்கெட்டை வாங்கிக்கொண்டேன். பசி வந்தால் எனக்குக் கொள்கை தங்குவதில்லை.

பிறகு பெரிய மனிதர்கள் படகில் வந்து, நிழலில் உட்கார்ந்து, இளநீர் குடித்து, ஒரு முடிவு சொன்னார்கள். ரிசார்ட் தண்ணீர் இழுக்கும் போர்வெல்லை நிறுத்த முடியாதாம். ரிசார்ட் வாசலில் ஒரு குழாய், காலையில் ஒரு மணி நேரம். எங்கள் மண்ணிலிருந்து அவர்கள் இழுத்த எங்கள் தண்ணீருக்கு, அவர்கள் வாசலில், நாங்கள் வரிசையில் நிற்கவேண்டும். அதற்காகக் கைதட்டவும் சொன்னார்கள். சிலர் தட்டினார்கள்.

மாமாவின் வேலை போனது. காரணம், ரிசார்ட்டில் தங்காத ஆட்களைக் குளத்துக்குள் விட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூலிங் கிளாஸ்காரர் நனைந்த தலையோடும் தோளில் டவலோடும் வந்தார், புது வாட்ச்மேன் அவருக்கும் சல்யூட் வைத்தார். இந்த இடத்தில் ஒரு கிண்டல் எழுதலாம் என்று இரண்டு நாள் முயன்று பார்த்தேன். வரவில்லை. என்னை மாதிரி எல்லாவற்றுக்கும் பல்லைக் காட்டுகிறவனுக்கும் சில இடங்களில் பல்லைக் கடிக்கத்தான் முடிகிறது.

சில வருடங்களில் வாசல் குழாயும் கரிக்கத் தொடங்கியது. உறிஞ்ச உறிஞ்ச, உள்ளிருந்த நல்ல தண்ணீர் தீர்ந்து, அந்த இடத்துக்குக் கடல் வந்துவிட்டது. ஊத்துப் பள்ளம் இன்னும் இருக்கிறது, அதில் காலித் தண்ணீர் பாட்டில்கள் கிடக்கின்றன. குப்பத்துக்கு இப்போது தண்ணீர் கேனில் வருகிறது. அந்தக் கேன்களை அக்கரையிலிருந்து படகில் ஏற்றிவருவது என் மாமாதான். பிள்ளைகளுக்குத் தலைக்கு ஊற்றுகிற சொம்பு நின்று ரொம்ப நாளாகிறது. கேனை உடைத்து யார் தலையில் ஊற்றுவது? ஈரத் துணியால் துடைத்து விடுகிறார்கள். யாரும் யார் தோளையும் நக்கிப் பார்ப்பதில்லை.

போன வாரம் என்னோடு வேலை செய்யும் ஒரு தம்பி, சாப்பாட்டு வேளையில், பழவேற்காட்டுப் பக்கம் சவுக்குத் தோப்பை ஒட்டிய ரிசார்ட்டில் ரூம் போடாமலே நாள் முழுக்க நீந்திவிட்டு வந்த சாகசத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். சுற்றி எல்லாரும் வாய் பிளந்து கேட்டார்கள். "சிம்பிள், தலைய நனைச்சிக்கணும், டவலைத் தோள்ல போட்டுக்கணும், நேரா நடக்கணும். யாரும் கேக்கவே மாட்டான்."

எனக்குக் காது சூடானது. எழுந்துபோய் அவன் சட்டையைப் பிடித்து என் மாமாவின் பெயரைச் சொல்லத் தோன்றியது. என் உருவத்துக்கு அந்த வேலை ஒத்துவராது என்பதால், "தண்ணி எப்படிப்பா இருந்தது?" என்று மட்டும் கேட்டேன்.

"அதான்ணா மட்டம். ஒரே உப்பு. உடம்பெல்லாம் அரிப்பு. ரிவ்யூல ரெண்டு ஸ்டார் கொறச்சிட்டேன்."

அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். நீலத் தொட்டியே கரிக்கிறதாம் என்றேன். நன்றாக வேண்டும் என்று அவள் சொல்வாள், இருவரும் சேர்ந்து ஒருமுறை வாய் நிறையத் திட்டலாம் என்று காத்திருந்தேன்.

"அய்ய, அப்டியே வுட்டா புண்ணாப்பூடுமே" என்றாள். "அந்தப் புள்ளைய மேல ஒரு சொம்பு நல்ல தண்ணி ஊத்திக்கச் சொல்லு."

எந்த ஊத்துத் தண்ணிமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பக்கம் அவள் கேனைச் சாய்த்துக் குடத்தில் ஊற்றும் சத்தம், களக் களக் என்று, போனில் கேட்கத் தொடங்கியது.